கொன்றவன் காரி, கொண்டவன் சேரன்

கேள்வி: உலகச் செய்திகளைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு வல்லரசுகள் நேருக்கு நேர் மோதாமல் மூன்றாவது ஒரு நாட்டில், அந்நாட்டுக்காரர்களை வைத்தே போர் நடத்துவதை விளக்கினேன். ஒரு மாணவன் எழுந்து, “நம்ம ஓரியைக் காரி கொன்னதும் அப்படித்தானே டீச்சர்? கடைசியில மலையை எடுத்துக்கிட்டது சேரன்தானே?” என்று கேட்டான். உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் போர் ஏன் வந்தது, எப்படிப் போனது, அதைப் பதிலிப் போர் என்று சொல்லலாமா? ஆடி மாதம் ஓரிக்கு விழா எடுக்கும் எங்கள் பிள்ளைகளுக்குக் காரியைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது?
– ஓர் ஆசிரியை, அரியூர் நாடு, கொல்லிமலை.

பதில்: உங்கள் மாணவனுக்கு முதலில் என் பாராட்டைச் சொல்லிவிடுங்கள். போரில் யார் யாரைக் கொன்றார் என்பதோடு பெரும்பாலோர் நின்றுவிடுவார்கள். அவன் நிலம் யார் கைக்குப் போனது என்று பார்த்திருக்கிறான். பதிலிப் போரை அடையாளம் காண அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

அவன் சொன்னதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. அகநானூற்றின் 209-ஆம் பாட்டு கல்லாடனார் பாடியது. பொருள் தேடித் தலைவன் பிரிந்து போயிருக்கிறான், தலைவி வாடுகிறாள். அவள் அழகுக்குக் கொல்லிப்பாவையை உவமையாகச் சொல்ல வந்த புலவர், கொல்லி என்றதும் அந்த மலையின் அண்மைக்கால வரலாற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்: முள்ளூர் மன்னன் காரி, வல்வில் ஓரியைக் கொன்று, சிவந்த வேர்களையுடைய பலா மரங்கள் நிறைந்த கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான். காதல் பாட்டில் போகிற போக்கில் சொல்லப்பட்ட செய்தி என்பதால்தான் இதை நான் பெரிதும் நம்புகிறேன். யாரையும் புகழ்ந்து பரிசு வாங்கவேண்டிய கட்டாயம் அந்த இடத்தில் புலவருக்கு இல்லை. கேட்பவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதியாக அதைச் சொல்லிப் போகிறார்.

கொன்றவன் ஒருவன், மலை போய்ச் சேர்ந்தது இன்னொருவனிடம். ஏன் அப்படி?

ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முந்தைய நிலப்படத்தை மனத்தில் விரித்துக்கொள்ளுங்கள். உங்கள் மலைக்குத் தென்மேற்கே, காவிரிக்கு அப்பால், அமராவதிக் கரையில் கரூர். அது இரும்பொறை மரபுச் சேரர்களின் தலைநகர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலையில் இருக்கும் தமிழிக் கல்வெட்டு, இரும்பொறைகள் மூன்று தலைமுறையை வரிசையாகச் சொல்கிறது. தென்கிழக்கே உறையூர், சோழர் ஊர். உங்கள் ஐயாறு புளியஞ்சோலைப் பக்கம் இறங்கி அந்தத் திசையில்தான் ஓடுகிறது. வடமேற்கே தகடூர், இன்றைய தர்மபுரி. அங்கே அதியமான் நெடுமான் அஞ்சி. வடகிழக்கே தென்பெண்ணைக் கரையில் திருக்கோவலூர், அதையும் முள்ளூர் மலையையும் ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. இவர்கள் எல்லாருக்கும் நடுவில், ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும் கொல்லி. அதற்கு ஓரி.

இந்த ஐவரில் சேரனும் சோழனும் வேந்தர்கள், வல்லரசுகள். பாண்டியனையும் சேர்த்தால் மூவேந்தர். அதியமான், காரி, ஓரி மூவரும் குறுநிலத் தலைவர்கள். இந்த மூவரையும் கடையெழு வள்ளல்கள் என்று நாம் ஒரே பட்டியலில் படிக்கிறோம். ஒருவரையொருவர் அழித்துக்கொண்டவர்கள் அந்தப் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும் பாடநூலை நான் பார்த்ததில்லை.

மூவேந்தர் எதற்காக ஒருவரோடு ஒருவர் மோதினார்கள் என்பதற்குப் புகழ், மறம் என்று பாட்டுகள் பதில் சொல்லும். மண்ணுக்குள்ளிருந்து வரும் பதில் வேறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையிலிருந்து வரும் பெருவழி கொங்குநாட்டைக் குறுக்கே கடந்து கரூர் வந்து, காவிரியை ஒட்டி உறையூருக்கும் அங்கிருந்து கிழக்குக் கடற்கரைக்கும் போனது. நொய்யல் கரையில் கொடுமணலில் நடந்த அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளையும் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளையும் காட்டின. படியூரில் பெரில் கல் கிடைத்தது. கொங்குநாட்டில் ரோமக் காசுகள் குவியல் குவியலாக எடுக்கப்பட்டன. இந்தப் பெருவழி யார் கையில் இருந்ததோ அவர் கைக்கே பணம் வந்தது. கொல்லி அந்த வழியின் வடபுறத்தில் மதில் போல நிற்கிறது. காவிரியின் வடகரையில் இறங்க நினைக்கும் சேரனுக்கும், மேற்கே நகர நினைக்கும் சோழனுக்கும், தகடூரிலிருந்து தெற்கே வர நினைக்கும் அதியமானுக்கும் இந்த மலை வேண்டியிருந்தது. தேனும் பலாவும் மூங்கிலும் மட்டுமே காரணம் என்றால் இவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள்.

பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு இருந்தது. அவர்கள் ஏன் தாங்களே வரவில்லை?

புறநானூறு 122-ஆம் பாட்டில் இதற்கு நேரடி விடை இருக்கிறது என்று நான் கருதுகிறேன். காரியைப் பாடும் கபிலர் அவனுடைய வருமானம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறார். மூவேந்தருள் யாரோ ஒருவரிடமிருந்து ஆள் வரும். எங்களுக்குத் துணையாக வா என்று புகழ்ந்து கேட்டுப் பொருளைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். காரியின் செல்வம் அதுதான். அதையும் அவன் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் இரவலர்க்குக் கொடுத்துவிடுகிறான் என்பது கபிலர் சொல்ல வந்த புகழ்ச்சி. நமக்கு அதில் கிடைப்பது ஒரு பொருளாதாரச் செய்தி. வேந்தர்கள் பணம் கொடுத்துப் படைவலிமையை வாங்கினார்கள். யார் கேட்டாலும் போகக்கூடிய இடத்தில் காரி இருந்தான்.

அதற்குச் சற்றுப் பின்னால் வரும் 125-ஆம் பாட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. சேரமான் மாந்தரஞ்சேரல் இரும்பொறையும் சோழன் இராசசூயம் வேட்ட பெருநற்கிள்ளியும் மோதியபோது சோழனுக்குத் துணை நின்றவன் மலையமான் குடியைச் சேர்ந்த தேர்வண் மலையன் என்று அதன் அடிக்குறிப்பு சொல்கிறது. போர் முடிந்தபின், இவன் வராவிட்டால் வென்றிருக்க முடியாது என்று வென்றவன் சொல்கிறான். இவன் மட்டும் வராதிருந்தால் வெல்வது எளிதாயிருக்கும் என்று தோற்றவனும் சொல்கிறான். இரண்டு வல்லரசுகளின் போர் ஒரு குறுநிலத் தலைவன் எந்தப் பக்கம் நின்றான் என்பதில் முடிவாகியிருக்கிறது. இங்கே மலையன் சோழன் பக்கம், கொல்லிப் போரில் காரி சேரன் பக்கம். மலையமான்கள் நிலையான பற்றுக் கொண்டவர்கள் இல்லை. கேட்டவரில் யாருக்குத் துணைபோவது என்று ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தவர்கள்.

இதில் நிலத்தின் காரணமும் உண்டு. இது என் கணிப்பு. சமவெளியில் யானையும் தேரும் கொண்டு போரிட்ட வேந்தர் படைக்கு, வில்லில் பேர்பெற்ற ஒருவன் காக்கும் மலையில் ஏறுவது பெரும் சேதம். நீங்கள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் ஏறும் மலையில் அன்று காட்டுத்தடம்தான் இருந்திருக்கும். முள்ளூர் மலையில் பழகிய காரியின் ஆட்களுக்கு அது புதிதில்லை. மலைக்காரனை மலைக்காரனால் எதிர்கொள்வது சேரனுக்கு லாபமான வழி.

ஆனால் பணம் மட்டும் போதாது. பதிலிப் போர்களைப் பற்றிப் பேசும்போது நாம் அடிக்கடி விடும் பிழை, சிறியவர்களைப் பொம்மைகளாக நினைத்துவிடுவது. அவர்களுக்கென்று சொந்தப் பகை இருக்கும். பெரியவர்கள் அந்தப் பகையைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள். பங்காளிகள் இருவர் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போனால், வழக்குச் செலவுக்குக் கடன் கொடுத்து ஊக்கப்படுத்துகிறவர் ஒருவர் எப்போதும் இருப்பார். தீர்ப்பு வரும்போது இரு பங்காளிகளின் காடும் அவர் பெயருக்கு மாறியிருக்கும்.

காரியின் சொந்தப் பகை அதியமானோடு. அதியமான் திருக்கோவலூர்மேல் படையெடுத்து வென்றான். ஔவையார் பாடிய புறம் 99 அந்த வெற்றியைச் சொல்கிறது, பரணரும் அதைப் பாடினார் என்ற செய்தியும் அதில் உண்டு. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டெடுத்த தமிழிக் கல்வெட்டு இதற்குக் கல்லிலேயே துணை நிற்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி என்ற பெயரோடு, அவன் கொடுத்த கற்படுக்கை அங்கே, காரியின் நாட்டுக்குள் இருக்கிறது. 

ஊரை இழந்த காரி எங்கே போனான்? பாட்டுகளை வரிசையாகக் கோத்துப் பார்த்த ஔவை துரைசாமிப் பிள்ளை போன்ற உரையாசிரியர்கள், அவன் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையின் துணையை நாடினான், அந்தத் துணைக்கு ஈடாகக் கொல்லியை வென்று கொடுத்தான் என்று சொல்கிறார்கள். தனித்தனிப் பாட்டுகளைச் சேர்த்து அறிஞர்கள் அமைத்த வரிசை இது. ஒரே பாட்டில் முழுக்கதை இல்லை என்பதை மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். இருந்தும் எனக்கு இந்த வரிசை பொருந்துவதாகவே படுகிறது. இழந்த ஊரை மீட்க ஒரு பெரிய கை வேண்டும், அந்தக் கை சும்மா நீளாது.

போர் நடந்த விதம் பற்றிக் கிடைப்பது கொஞ்சம்தான். காரியின் குதிரைக்குக் காரி என்றே பெயர், ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். இருவரும் அந்தக் குதிரைகளில் ஏறிப் பொருதார்கள் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துப் போனதாக வன்பரணர் பாடிய வில் அந்த நாளில் ஓரியைக் காக்கவில்லை.

முடிவை நற்றிணை 320 காட்டுகிறது. அதுவும் கபிலர் பாட்டு, அதுவும் அகப்பாட்டு. ஒரு பரத்தை தெருவில் நடந்துபோனபோது ஊரில் எழுந்த ஆரவாரத்துக்கு உவமை தேடும் புலவருக்கு ஓரியின் ஊர் நினைவுக்கு வருகிறது. ஓரியைக் கொன்ற காரி அவனுடைய பெருந்தெருவில் நுழைந்தபோது ஊரே ‘கல்’லென்று இரைந்ததே, அப்படி என்கிறார். இதில் நான் நெடுநேரம் நிற்பதுண்டு. கபிலர் காரியிடம் பரிசில் பெற்றவர். பெருஞ்சேரல் இரும்பொறையின் தந்தை செல்வக்கடுங்கோ வாழியாதனைப் பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் பாடியவரும் அவரே. வென்ற இரு தரப்புக்கும் வேண்டியவர். அவர் நினைவில் அந்த வெற்றி தங்கியிருப்பது தோற்ற ஊரின் இரைச்சலாக. அந்தத் தெருவில் காரி இருக்கிறான், ஓரியின் பெயர் இருக்கிறது, ஊர்மக்களின் ஓலம் இருக்கிறது. யாருக்காக இது நடந்ததோ அந்தச் சேரன் பாட்டில் இல்லை.

கரூர் அமராவதிப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளில் ‘கொல்லிப்புறை’ என்ற பெயர் பொறித்தவை உண்டு. கொல்லியை உடைமையாக்கிய பின் சேரர் சூடிய பட்டம் அது என்று நாணய ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பல நூற்றாண்டு கழித்து வந்த குலசேகர ஆழ்வாரும் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்றே சொல்லிக்கொள்கிறார். காரியின் பெயரோடு கொல்லி ஒருநாளும் ஒட்டவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இதைப் பாதிப் பதிலிப் போர் என்றுதான் சொல்லியிருப்பேன். சேரன் பக்கம் பதிலாள் இருந்தான். ஓரிக்குப் பின்னால் வேறொரு வேந்தன் நின்றதாக எந்தப் பாட்டும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கட்டம் உங்கள் மலை உச்சியிலேயே நடந்தது.

பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடியது பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்து. அதன் பதிகம் சொல்வது: கொல்லிக் கூற்றத்தில், நீர் மிகுந்த மலையுச்சியில், அதியமானையும் அவனோடு நின்ற இருபெரு வேந்தரையும் ஒருசேர வென்றான். அவர்களுடைய முரசையும் குடையையும் அணிகளையும் கைப்பற்றினான். பிறகு தகடூரை அழித்தான். இருபெரு வேந்தர் என்றால் சோழனும் பாண்டியனும். பதிகங்கள் பாட்டுகளைவிடப் பிற்காலத்தவை என்பதால் அவற்றைச் சற்று எச்சரிக்கையோடுதான் படிக்கவேண்டும். ஆனால் தகடூர்ப் போர் நடந்தது உறுதி. அந்தச் சேரனின் பெயரே தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை என்று நிலைத்துவிட்டது. அந்தப் போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்று தனி நூலே இருந்தது. புறத்திரட்டிலும் உரைகளிலும் மேற்கோளாக வந்த சில பாட்டுகளே இன்று மிஞ்சியிருக்கின்றன.

இந்தப் போக்கை நன்றாகக் கவனியுங்கள். அதியமானும் காரியும் மோதிக்கொண்டது முதல் கட்டம். காரி வழியாகச் சேரன் உள்ளே வந்து கொல்லியைப் பெற்றது இரண்டாம் கட்டம். சேரன் கொல்லியில் கால் ஊன்றியதும் சோழனும் பாண்டியனும் சும்மா இருக்க முடியாமல் அதியமானைத் தாங்கிப் பிடித்தது மூன்றாம் கட்டம். அப்போது பதிலாட்களுக்குப் பின்னால் மறைந்து நிற்பது முடிந்துபோய் வேந்தர்களே மலையேற வேண்டி வந்தது. கடைசியில் ஓரி இல்லை, அதியமான் இல்லை, தகடூர் இல்லை. தகடூரில் விழுந்த அதியமான் குடி எழினிக்காக இரங்கிப் பாடிய புறம் 230-உம் அரிசில்கிழாருடையதே. வென்ற சேரனின் புலவர் தோற்றவனுக்காகக் கூற்றுவனைக் கடிந்துகொள்கிறார்.

இருபதாம் நூற்றாண்டுப் பதிலிப் போர்களின் போக்கும் ஏறக்குறைய இதுதான். அங்கோலாவிலும் ஆப்கானிஸ்தானிலும் உள்நாட்டுச் சண்டை முன்னால் வந்தது, வெளியார் பணமும் ஆயுதமும் பின்னால் வந்தன, ஒரு தரப்புக்கு உதவி வந்ததைப் பார்த்து எதிர்த்தரப்புக்கும் வந்தது. காரணத்தில் மட்டும் ஒரு பெரிய வேறுபாடு. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் நேரே மோதாமல் இருந்ததற்கு அணுகுண்டு காரணம். 1962-இல் கியூபா ஏவுகணை நெருக்கடியில் விளிம்புவரை போய்த் திரும்பியபின் அந்த அச்சம் இன்னும் உறைந்தது. அதனால் தங்கள் கையை மறைத்துக்கொள்வதும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. சேரனுக்கு மறைக்கவேண்டிய தேவையே இல்லை. கொல்லியைப் பெற்றதை ஊரறியச் சொல்லிக்கொண்டான்.

உங்கள் வகுப்புக்கு உலக எடுத்துக்காட்டு ஒன்று சொல்வதானால், கொரியாவையும் வியட்நாமையும்விட லாவோஸைச் சொல்லுங்கள். மலைப்பிள்ளைகளுக்கு அது நெஞ்சில் படும். லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962-இல் ஜெனீவாவில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சீனாவும் வடவியட்நாமும் கையெழுத்திட்டன. ஆனால் தென்வியட்நாமுக்கு ஆளும் ஆயுதமும் கொண்டுபோன ஹோசிமின் பாதை அந்த நாட்டு மலைகள் வழியாகத்தான் போனது. வடவியட்நாம் படை அங்கிருந்து வெளியேறவில்லை. அமெரிக்கா வெளிப்படையாகப் படை அனுப்ப முடியாத நிலையில், சி.ஐ.ஏ. அந்த மலைகளில் வாழ்ந்த ஹ்மாங் மக்களுக்கு ஆயுதமும் அரிசியும் சம்பளமும் கொடுத்து, வாங் பாவ் என்ற ஹ்மாங் தளபதியின் கீழ்ப் பெரும்படை ஒன்றை நிறுத்தியது. ஹ்மாங் மக்களுக்கும் தங்கள் மலையைக் காக்கவேண்டிய காரணம் இருந்தது. ஆண்கள் மாண்டு தீர, கடைசி ஆண்டுகளில் சிறுவர்களின் தோளில் துப்பாக்கி ஏறியது. 1964 முதல் 1973 வரை 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டுகளை அந்தச் சிறிய நாட்டின்மேல் அமெரிக்க விமானங்கள் கொட்டின. வெடிக்காமல் மண்ணில் புதைந்தவை இன்றும் வயலில் மண்வெட்டி போடுகிறவரைக் கொல்கின்றன. 1975 மே மாதம் வாங் பாவையும் சிலரையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஓடுதளத்தில் விடப்பட்ட ஆயிரக்கணக்கானோர் நடந்தே மீகாங் ஆற்றுக்குப் போனார்கள். ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களை அடைந்தவர்கள் பிழைத்தார்கள்.

நம் பக்கத்திலேயே இன்னொரு போர் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கினால் அதன் களங்கள். 1748-இல் ஐரோப்பாவில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் செய்துகொண்டார்கள். அந்தச் சமாதானம் நடப்பிலிருந்தபோதே இங்கே இரு கம்பெனிகளும் கர்நாடக நவாப் பட்டத்துக்கான போட்டியில் ஆளுக்கொரு பக்கம் புகுந்தன. 1749-இல் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். பாண்டிச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே, பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபைத் தூக்கிப்பிடித்தார், ஆங்கிலேயர் அன்வருதீன் மகன் முகமது அலியைத் தூக்கிப்பிடித்தார்கள். 1751-இல் ஆற்காடு, பிறகு திருச்சி, திருவரங்கம். 1752-இல் சந்தா சாகிபின் தலை வெட்டப்பட்டது. 1754-இல் டூப்ளே ஊருக்குத் திரும்ப அழைக்கப்பட்டார், அவ்வளவுதான் அவருக்கு. வென்ற முகமது அலியின் கதி இன்னும் பெரிய பாடம். போர்ச்செலவைக் கடனாகத் தலையில் சுமந்தார், வரி வசூலைக் கம்பெனிக்கு அடகு வைத்தார், 1801-இல் அவர் பேரப்பிள்ளைகள் காலத்தில் கர்நாடகம் முழுவதும் கம்பெனி ஆட்சிக்குள் போனது. தோற்ற பதிலாள் தலையை இழந்தார், வென்ற பதிலாள் நாட்டை இழந்தார்.

மலையமான்களுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவு பெறாது. புறநானூறு 46-ஐ எடுத்துப் பாருங்கள். கிள்ளிவளவன் என்ற சோழன், மலையமான் மக்களை யானைக்காலில் இடவைக்கிறான். இந்தப் பிள்ளைகள் காரியின் பிள்ளைகளா அதே குடியில் வேறு ஒருவரின் பிள்ளைகளா என்பதில் கருத்துவேறுபாடு உண்டு. எந்தச் சோழர் குடிக்கு மலையன் ஒருகாலத்தில் வெற்றி தேடிக்கொடுத்தானோ அதே குடி என்பதில் ஐயமில்லை. கோவூர்கிழார் அங்கே போய் நிற்கிறார். பிள்ளைகள் முதலில் அழுதிருக்கிறார்கள். யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டார்கள், இதுவரை பார்த்திராத கூட்டத்தைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள். புலவர் அதைச் சொல்லிவிட்டு, நான் சொன்னதைக் கேட்டாய், இனி உன் விருப்பம் என்று சோழனிடம் முடிக்கிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள் என்று அடிக்குறிப்பு சொல்கிறது. வேந்தர்களுக்குத் துணைபோன குடியின் பிள்ளைகளை அந்த நாளில் காத்தது ஒரு புலவரின் சொல்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. காரியைத் துரோகி என்று சொல்லிக்கொடுக்க வேண்டாம். அவன் ஊரை இழந்தவன். அதியமானைத் தனியே எதிர்க்க வலுவில்லாதவன். கேட்டவர்க்கெல்லாம் தேரைக் கொடுத்தவன் என்று ஒன்றுக்கு மேற்பட்ட புலவர்கள் பாடியிருக்கிறார்கள், அந்தப் பாட்டுகள் பொய்யில்லை. அதே நேரம், பாவம் அவனும் ஏவலாள்தானே என்று விட்டுவிடவும் வேண்டாம். ஓரிக்கும் காரிக்கும் முன்பகை இருந்ததாகத் தெரியவில்லை. தன் பகையைத் தீர்க்க இன்னொருவன் மலையை விலையாகக் கொடுத்தான். அந்த முடிவு அவனுடையது, அதற்கு அவன் பொறுப்பு. துணை கொடுத்து மலையைப் பெற்ற சேரனின் பொறுப்பு அதைவிடப் பெரிது. அதைப் பாட்டுகள் பேசவில்லை, நாம் பேசலாம். ஆடி விழாவில் ஓரியின் வில்லைப் பற்றி மட்டும் பேசினால் அவன் எப்படி இறந்தான் என்பது பிள்ளைகளுக்குக் கடைசிவரை புரியாது.

வகுப்பில் நேரம் கிடைத்தால் புறநானூற்றில் ஓரியைப் பற்றிய 152, 153, 204 ஆகிய பாட்டுகளையும், காரியையும் மலையமான்களையும் பற்றிய 121 முதல் 126 வரையுள்ள பாட்டுகளையும் ஒரே வாரத்தில் படிக்க வையுங்கள். ஔவை துரைசாமிப் பிள்ளை உரையோடு படித்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எட்டும். அகம் 209-ஐ அதற்குப் பிறகு கொடுங்கள். உங்கள் மாணவன் கேட்ட கேள்வியை மற்றவர்களும் அப்போது தாங்களாகவே கேட்பார்கள்.